பத்துக் கொப்பி

2024 ஜனவரி 8, திங்கட்கிழமை. மத்திய வீதியில் இருக்கிற போட்டோக்கொப்பிக் கடையில் என் அடையாள அட்டையைப் பத்துக் கொப்பி எடுத்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் வருகிற மாதிரி. கடைத் தம்பி தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, "லோனுக்கா அக்கா?" என்று கேட்டான். ஓம் என்றேன். அந்தப் பத்தில் ஆறு கொப்பி மூன்று கிழமைக்குள் ஆறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய கடன் கிடைக்காமல் போனது அந்த ஆறு தாளால்தான்.

நான் இலங்கையில் திருகோணமலை அலஸ்தோட்டத்தில் வீட்டோடு தையல் வேலை செய்கிறவள். இரண்டு ஜூக்கி மெஷின், அம்மாவின் பழைய கால் மெஷின் ஒன்று. பள்ளிக்கூடச் சீருடை, பிளவுஸ், கோயில் திருவிழா நேரத்தில் பாவாடை சட்டை. 2023 கடைசியில் உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு அம்மா வந்து கட்டில் விரிப்பு 120, தலையணை உறை 240, வேலையாட்களுக்குச் சீருடை என்று ஒரு பெரிய கட்டளை பேசினார். எங்கள் பக்கம் சீசன் தெற்குக்கு எதிர்மாறு. வாடை அடங்கி, கடல் கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் ஆட்கள் வருவார்கள். ஆகவே ஏப்ரலுக்கு முன்னர் எல்லாம் தைத்துக் கொடுத்துவிட வேண்டும். ஒரு ஓவர்லொக் மெஷின், ஒரு பட்டன்ஹோல் மெஷின், துணிக்கு முற்பணம். கூட்டிப் பார்த்தால் நாலரை இலட்சம் ரூபாய்.

அதற்கு முன் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் கடன் என்ற பேச்சையே எடுத்ததில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே அடியில் 7 வீதப் புள்ளி ஏற்றியது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு வங்கிப் படியேறவே பயம். 2023 ஜூனில் அந்த வட்டி இறங்கத் தொடங்கியது. வருடம் முடியும்போது நகரத்தில் மறுபடியும் லோன் பதாதைகள் தொங்கின. சுப்பர்மார்க்கட் வாசலில் மேசை போட்டு, கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினார்கள். இதுதான் நேரம் என்று நினைத்தேன். ஒரு சேலை வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறோம், நாலரை இலட்சத்துக்கு நாலு இடம் கேட்காமல் இருப்பதா என்று புறப்பட்டேன்.

போன வரிசையை அப்படியே சொல்கிறேன். முதலில் ஒரு வங்கி. வியாபாரப் பதிவு இருந்தால்தான் என்றார்கள், ஆனால் விண்ணப்பத்தை நிரப்பி வாங்கிக்கொண்டார்கள். பொங்கலுக்கு அடுத்த நாள் ஒரு லீசிங் நிறுவனம். மெஷினுக்கு இரண்டு இலட்சம் வரைதான் தரலாம் என்றார்கள், நான் வேண்டாம் என்று வந்துவிட்டேன். பிறகு இன்னொரு லீசிங். என் ஸ்கூட்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு காசு தருவோம் என்றார்கள். அடுத்தது அந்த சுப்பர்மார்க்கட் மேசை. "கிரடிட் காட் எடுக்க வேணாம் அக்கா, எவ்வளவு லிமிட் வரும் எண்டு சும்மா பார்ப்பம்" என்றான் ஒரு பையன். என் மகன் வயதுதான் இருக்கும். பாவமாக இருந்தது, ஒரு கொப்பி கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். ஐந்தாவது, மின்சாதனக் கடை ஒன்றில் தவணைக்குக் குளிர்சாதனப்பெட்டி. அது எனக்குக்கூட இல்லை, மாமிக்கு. என் பெயரில் எடுத்தால் சுலபம் என்றார்கள். கடைசியில் மாமியே வேண்டாம் என்றுவிட்டார்.

ஆறாவதாகத்தான் நான் பதினெட்டு வயதிலிருந்து கணக்கு வைத்திருக்கிற என் சொந்த வங்கிக்குப் போனேன். அங்கே கடதாசி அதிகம் கேட்பார்கள் என்று கடைசிக்கு விட்டிருந்தேன்.

லோன் பகுதியில் இருந்த மிஸ் என்னை நன்றாகத் தெரிந்தவர். அவரின் மகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஜனவரி 29 பின்னேரம் கூப்பிட்டு, கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"அக்கா, வேற எங்கயும் லோன் எடுத்திட்டீங்களா?"

"இல்ல மிஸ். நாலஞ்சு இடத்தில சும்மா கேட்டுப் பார்த்தன்."

"மூண்டு கிழமைக்குள்ள அஞ்சு இடத்தில உங்கட கிறிப்பைப் பார்த்திருக்கிறாங்க. எங்கட ஆறாவது. நீங்க சும்மா கேட்டதா, எடுத்திட்டு வந்திருக்கிறதா எண்டு எங்களுக்குத் தெரியாதே அக்கா."

அந்தக் கடைசி வரியை நான் வீடு வரும் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். என்.சி. வீதி பஸ்ஸில் யன்னலோரம் இருந்தும் கடலைக் கண்டதாக நினைவில்லை. அவர் என்னைச் சந்தேகித்ததாக முதலில் மனம் நொந்தது. நிதானமாக யோசித்தபோது, அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன் என்று பட்டது. ஒருவர் இன்றைக்கு ஓரிடத்தில் கடன் எடுத்தால் அந்தக் கடன் நாளைக்கே கிறிப் என்கிற கடன் அறிக்கையில் ஏறிவிடுவதில்லை. நிறுவனங்கள் தங்கள் கணக்குகளைக் காலத்துக்குக் காலம் அனுப்பும்போதுதான் ஏறும். ஆனால் யார் அறிக்கையைத் திறந்து பார்த்தாலும் அந்தத் தடம் விழுந்துவிடும். புதிய கடன் ஏறாத இடைவெளியில் மிஸ்ஸின் கண்ணுக்கு எட்டுகிற ஒரே அடையாளம் அந்த ஐந்து தடமும்தான். ஐந்து இடத்திலும் எடுத்திருந்தால் என் தலையில் எத்தனை இலட்சம் இருக்கும் என்று அவர் யோசித்தே ஆகவேண்டும்.

மேலாளர் இப்போதைக்கு முடியாது, சில மாதம் கழித்து வரச் சொல்லுங்கள் என்று விட்டார்.

தமிழ்நாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் சிபில் என்று சொல்வது எங்களுக்குக் கிறிப். முழுப் பெயர் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தெற்காசியாவில் இப்படி வந்த முதல் பணியகம் இதுதான். மத்திய வங்கியும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் அதன் பங்குதாரர்கள். அந்த நிறுவனங்கள் தங்களிடம் கடன் எடுத்தவர்களின் விபரத்தை அங்கே அனுப்பும், புதிதாக யாராவது கேட்டு வந்தால் அங்கேயிருந்து எடுத்துப் பார்க்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லண்டனில் இருந்து தம்பி எடுத்தான். ஈஸ்ட்ஹாமில் இருக்கிறான். வீட்டுக் கடனுக்காக இரண்டு வருடம் ஓடித் திரிந்தவன், அதனால் விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வியும் கேட்காமல் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இங்க இதுக்கு ரெண்டு பேர் இருக்கு. சொஃப்ட் சேர்ச், ஹார்ட் சேர்ச். நீங்க குடுத்தது ஆறும் ஹார்ட்."

அவன் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன். பிரித்தானியாவில் மூன்று நிறுவனங்கள் ஆட்களின் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன: எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன். ஒருவர் உண்மையாகவே கடனுக்கு விண்ணப்பித்தால் கடன் கொடுப்பவர் முழுமையாகத் தேடிப் பார்ப்பார். அந்தத் தேடல் கடன் கொடுக்கும் மற்றவர்களின் கண்ணுக்கும் தெரியும், பொதுவாக ஒரு வருடத்துக்கு. அதுதான் ஹார்ட். சொஃப்ட் என்பது நாமே நம் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது, அல்லது நமக்குக் கடன் கிடைக்க வாய்ப்பிருக்கிறதா என்று விண்ணப்பிக்காமலே சோதித்துப் பார்ப்பது. அது நம் அறிக்கையில் நமக்கு மட்டும் தெரியும். கடன் கொடுக்கும் வேறு யாருக்கும் தெரியாது, நம் கடன் மதிப்பும் குறையாது. அங்கே நல்ல இடங்களில் இந்த முன்சோதனையைச் செய்து, தேறும் என்று தெரிந்த ஓரிடத்தில் மட்டும் விண்ணப்பிப்பார்களாம். தம்பியும் வீட்டுக் கடனுக்கு அப்படித்தான் செய்தான்.

இன்னொன்றும் சொன்னான், அது என்னை நிறைய யோசிக்க வைத்தது. ஒரு விண்ணப்பம் மறுக்கப்பட்டது என்று அங்கே அறிக்கையில் எழுதுவதில்லை. விண்ணப்பித்தீர்கள் என்பதற்கான தேடல் மட்டும் இருக்கும். மறுத்தார்களா, நாமே வேண்டாம் என்று வந்தோமா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. எனக்கு நடந்ததும் இதுதான். இரண்டு இலட்சம் காணாது என்று நானாகத் திரும்பி வந்த லீசிங்கும், மாமி வேண்டாம் என்ற குளிர்சாதனப்பெட்டியும், நான் எடுக்கவே நினைக்காத அந்தக் கிரடிட் காட்டும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். நான் வேண்டாம் என்றது எங்கேயும் பதிவாகவில்லை.

தம்பிக்கே முதல் வருடம் ஒரு செல்போன் ஒப்பந்தம்கூடக் கிடைக்கவில்லை. அவன் கடன் வாங்கிக் கட்டாதவன் இல்லை. கடனே வாங்காதவன். வரலாறே இல்லாத ஆளை எப்படி நம்புவது என்பது அவர்கள் பிரச்சினை. ஒன்றில் மறுத்தால் அடுத்தது, அதுவும் மறுத்தால் அடுத்தது என்று ஒரே மாதத்தில் நாலு இடம் விண்ணப்பித்து நிலைமையை இன்னும் கெடுத்துக்கொண்டான். பிறகு ஒரு நண்பன் சொல்லித்தான் வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதிந்தான். பொதுநலவாய நாட்டுக்காரன் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டோடேயே அங்கே வாக்காளராகப் பதியலாம். முகவரியை உறுதிப்படுத்த அந்த இடாப்பைத்தான் பார்ப்பார்களாம். ஊரில் வாக்காளர் இடாப்புக்கும் கடனுக்கும் முடிச்சுப் போட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை.

சரி, ஒரு தேடல் அந்தக் கடன் மதிப்பை எவ்வளவு குறைக்கும்? அமெரிக்காவில் பரவலாகப் பாவிக்கிற ஃபைகோ என்ற புள்ளி முறை தன் கணக்கை வெளிப்படையாகவே சொல்லுகிறது. ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதற்கு 35 வீதம். எவ்வளவு கடன் தலையில் இருக்கிறது என்பதற்கு 30. எவ்வளவு காலமாகக் கடன் வரலாறு இருக்கிறது என்பதற்கு 15. கடன் வகைகளுக்கு 10. புதிதாகக் கடன் தேடுவதற்கு 10. தேடல்கள் இந்தக் கடைசிப் பத்துக்குள் அடங்கும். ஒரு தேடலால் பெரும்பாலானவர்களுக்கு ஐந்து புள்ளிக்கும் குறைவாகத்தான் இறங்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். வீட்டுக் கடன், வாகனக் கடன் மாதிரியானவற்றுக்கு ஒரு குறுகிய காலத்துக்குள் பல இடத்தில் வட்டி விசாரித்தால், அந்தத் தேடல்களை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் வழியும் அதில் இருக்கிறது. புதிய முறைகளில் அந்தக் காலம் 45 நாள். கிரடிட் காட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

அது அமெரிக்கக் கணக்கு. என் கிறிப் அறிக்கையில் அதைத் தேடக் கூடாது. ஆனாலும் அந்த நிறுவையைப் பார்த்தது எனக்கு ஒரு ஆறுதல். ஒரு தேடல் யாரையும் கவிழ்க்காது. ஒரே நேரத்தில் குவிந்த தேடல்கள்தான் என் கதையில் பாரமானவை, அதுவும் எனக்குப் பின்னால் நீண்ட கடன் வரலாறு இல்லாததால். பத்து வருடமாக வீட்டுக் கடன் பிந்தாமல் கட்டுகிற ஒருவருக்கு அந்த ஆறு தடம் ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. 2019இல் ஒரு சின்னக் கடன் எடுத்து முடித்தவள் நான், அவ்வளவுதான் என் சரித்திரம்.

இதையெல்லாம் கேட்ட பிறகு என் அறிக்கையை நானே பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். வீட்டில் பயந்தார்கள். "நீ போய்ப் பார்த்தா அதுவும் ஒண்டு ஏறுமே" என்று வீட்டுக்காரர் சொன்னார். ஏறாது. சொந்த அறிக்கையைச் சொந்தக்காரர் கேட்டு வாங்குவதை எந்த வங்கியும் கடன் தேடலாக எண்ணுவதில்லை. அடையாளத்தை உறுதிப்படுத்தி, ஒரு கட்டணம் கட்டி, யாரும் தன் அறிக்கையை வாங்கலாம். பிரித்தானியாவில் 2018 வரை சட்டப்படியான அறிக்கைக்கு 2 பவுண் வாங்கினார்களாம், இப்போது இலவசம்.

அறிக்கை கைக்கு வந்த அன்று மெஷினை நிறுத்திவிட்டு, வெட்டு மேசையில் துணியை ஒதுக்கி, தாள்களைப் பரப்பி வைத்து வாசித்தேன். என் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அதில் ஒரு வரியும் இல்லை. நகை, காணி ஒன்றும் இல்லை. கடன் மட்டும்தான். 2019 கடன், எடுத்த தொகை, முடித்தது. பிந்தாமல் கட்டிய மாதங்கள் வரிசையாக இருந்ததைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. கட்டுக்காசு நாளில் பிந்திவிடக் கூடாது என்று பொங்கல் புடவை எடுக்காமல் விட்ட வருடம் அந்த வரிசையில் இருந்தது.

அதற்குக் கீழேதான் நான் மறந்தே போயிருந்த ஒன்று. மச்சாளின் புருஷன் 2021இல் ஓட்டோ லீசிங்குக்கு எடுத்தபோது பிணைக்கு நான் கையெழுத்து வைத்திருந்தேன். அது என் அறிக்கையில் பிணையாளி என்ற தலைப்பில் முழுதாக இருக்கிறது. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்த அந்த மாதங்களில் அவர் இரண்டு கட்டுப் பிந்தியிருக்கிறார். ஓட்டோ ஓடினால்தானே காசு. பிறகு எல்லாம் கட்டி முடித்துவிட்டார், அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் பிந்தியது என் கதையிலும் ஒரு வரி என்று இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் பிணைக்கு நிற்பதை மொய் எழுதுவது மாதிரி நினைக்கிறோம். கேட்டால் மறுக்க முடியாது, மறுத்தால் உறவு போகும். நான் இனியும் பிணைக்கு நிற்பேன், வேண்டியவர்களுக்கு நிற்காமல் இருக்க மாட்டேன். ஆனால் கட்டு ஒழுங்காகப் போகிறதா என்று மாதா மாதம் கேட்பேன். கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

கடைசிப் பகுதி தேடல்கள். திகதி, எதற்காகப் பார்த்தார்கள் என்ற காரணம். ஆறு வரி. ஆறிலும் ஒரே காரணம்: புதிய கடனுக்கு மதிப்பிட. ஏற்கெனவே கடன் கொடுத்த நிறுவனம் தன் வாடிக்கையாளரை அவ்வப்போது கண்காணிக்கப் பார்ப்பதும் உண்டு, அதற்கு வேறு காரணம் போடுவார்கள். காரணத்தைப் பார்த்தே வித்தியாசம் தெரியும். தம்பி சொன்ன ஹார்டும் சொஃப்டும் எங்கள் கடதாசியில் வேறு பெயரில் இருக்கிறது என்று அப்போது பிடிபட்டது.

அந்த ஆறுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. சின்ன எழுத்தில், என் கடன் தகவலைப் பணியகத்திடம் பெற அனுமதிக்கிறேன் என்று ஒரு வரி இருக்கும். அந்த சுப்பர்மார்க்கட் பையன் விரலை வைத்துக் காட்டிய இடமும் அதுதான். "இதில ஒரு சைன்" என்றான். இந்த நாட்டில் விண்ணப்பம் தமிழில் கேட்கலாம். இருந்தால் தருவார்கள், இல்லையென்றால் அந்தப் பந்தியை வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லலாம். நான் கேட்கவில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழப்பார்கள் என்று நினைத்தேன்.

கட்டளை என்ன ஆனது என்று கேட்பீர்கள். கிண்ணியாவில் ஒரு ராத்தா இருக்கிறார், நானும் அவரும் ஒரே பயிற்சியில் தையல் படித்தவர்கள். நோன்புப் பெருநாள் வேலை தொடங்கும் வரை தன் ஓவர்லொக்கைத் தந்தார். ஓட்டோவில் கிண்ணியாப் பாலம் தாண்டி, மெஷினை என் மடியில் அணைத்துப் பிடித்தபடி கொண்டுவந்தேன். பட்டன்ஹோல் எல்லாம் கையால். விடுதி அம்மா துணிக்கு முற்பணம் தந்தார். இரவு இரண்டு மணி மூன்று மணி என்று இருந்து ஏப்ரல் முதல் கிழமையில் கொடுத்து முடித்தோம். கடன் கிடைத்திருந்தால் அந்த மூன்று மாதம் என் பிள்ளைகளோடு இருந்து சாப்பிட்டிருப்பேன் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதற்கிடையில் ஓரிடத்திலும் கையெழுத்துப் போடவில்லை. வாயால் மட்டும் கேட்டேன். நகரத்தில் எத்தனை நிறுவனம் இருக்கிறதோ அத்தனைக்கும் போனேன் என்றே சொல்லலாம், அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு. வட்டி எவ்வளவு, அது பிளாட்டா, அதாவது எடுத்த முழுத் தொகைக்கும் கடைசி வரை கணக்கிடுகிறதா, கட்டக் கட்டக் குறைந்து போகிற மீதிக்கா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு முகம் மாறுகிறவர்களையும் பார்த்தேன். மூன்று இலட்சத்தை 15 வீதம் பிளாட்டில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் வட்டி மட்டும் ஒரு இலட்சத்து 35 ஆயிரம், மாதக் கட்டு 12,083 ரூபாய். குறைகிற மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது கிட்டத்தட்ட 26 வீதம். என் மூத்தவள் ஏ.எல். கணிதம் படிக்கிறாள், அவள்தான் போட்டுக் காட்டினாள். வெளியே எழுதியிருக்கும் 15ஐப் பார்த்து ஒருவர் ஓடிப் போய் விண்ணப்பித்தால், உள்ளே போய் உண்மை தெரிந்து திரும்பி வந்தால், அவருக்கும் ஒரு தடம் மிஞ்சும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல யாருக்கும் என் கிறிப் தேவையில்லை. என்னென்ன கடதாசி வேண்டும், குறைந்தது எவ்வளவு வருமானம் காட்ட வேண்டும், வியாபாரப் பதிவு கட்டாயமா? ஒன்றுக்கும் தேவையில்லை. முதல் வங்கியில் பதிவு கேட்பார்கள் என்று முன்பே கேட்டிருந்தால் அந்த ஒரு தடம் விழுந்தே இருக்காது. ஜூனில் வியாபாரத்தைப் பதிந்துகொண்டேன்.

ஓகஸ்டில் ஒரே ஒரு இடத்துக்கு, என் பழைய வங்கிக்கே, ஒரே ஒரு கொப்பியோடு போனேன். அதே மிஸ். கொப்பியின் குறுக்கே "இந்த வங்கியின் கடன் விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதித் திகதியும் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேட்டது நாலரை, தந்தது மூன்றரை. மீதிக்குச் சீட்டு எடுத்தேன். இப்போது என் வீட்டில் ஓவர்லொக் ஓடுகிறது. ராத்தாவுக்கு அவரின் மெஷினைத் திருப்பிக் கொடுத்த அன்று புதுப் பெல்ட் மாட்டி, எண்ணெய் விட்டுத்தான் கொடுத்தேன்.

போன மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசி முடிக்கவில்லை, திருக்கடலூரில் இருந்து வந்திருந்த ஒரு அக்கா எழும்பிவிட்டார். வள்ளத்துக்கு எஞ்சின் எடுத்த கடன் அவருக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. "பிள்ள, கிறிப்பில பேர் விழுந்தா பிறகு ஒண்டும் எடுக்கேலாதாமே, உண்மையே?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த பயம் எனக்குத் தெரியும். ஜனவரியில் எனக்கும் அதே பயம்தான்.

அவருக்குச் சொன்னேன்: கடன் எடுத்த எல்லாருடைய பெயரும் அங்கே இருக்கிறது அக்கா. ஒழுங்காகக் கட்டுகிறவரும் அங்கேதான் இருக்கிறார், மேலாளரின் பெயரும் கடன் எடுத்திருந்தால் அங்கேதான் இருக்கும். அது கெட்டவர்களின் பட்டியல் இல்லை. நீங்கள் மாதா மாதம் பிந்தாமல் கட்டுகிற ஒவ்வொரு கட்டும் அங்கே உங்களுக்காகச் சாட்சி சொல்கிறது. கடன் தருவதா இல்லையா என்று பணியகம் தீர்மானிப்பதில்லை, அதைத் தீர்மானிப்பது வங்கி. அறிக்கையில் பிழை இருந்தால், கட்டி முடித்த கடன் முடியாததாகக் காட்டினால், அந்தத் தகவலை அனுப்பிய நிறுவனம்தான் அதைத் திருத்த வேண்டும். பணியகம் தானாக அழிக்க முடியாது. காசு தந்தால் கிறிப்பைத் துப்புரவாக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் எஞ்சினுக்குக் கட்டினது எல்லாம் எழுதி இருக்கும் என்ன?" என்றார். ஓம் என்றேன். பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று கூட்டத்தில் இருந்தவர்களில் ஏழு பேர் தங்கள் அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொருவராகக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருக்கு முடிந்துவிட்டது.

போன வியாழக்கிழமை ஒரு லீசிங் நிறுவனத்துப் பிள்ளை வீட்டுக்கே வந்தான். வெயிலில் வந்திருந்தான், தேசிக்காய் கரைத்துக் கொடுத்தேன். இன்னொரு ஜூக்கிக்குச் சுலபமான முறையில் செய்து தரலாம், அடையாள அட்டைக் கொப்பி மட்டும் போதும் என்றான். மூன்று கேள்வி கேட்டேன். வட்டி பிளாட்டா என்றதற்கு ஓம் என்றான். முன்கூட்டிக் கட்டி முடித்தால் மேலதிகமாக ஏதும் வாங்குவீர்களா என்றதற்கு, வாங்குவார்கள் என்றான். "கிறிப் பார்க்க முதல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுவீங்களா தம்பி?" என்று கேட்டேன். அதை ஒபிஸில் கேட்டுவிட்டு அழைப்பு எடுக்கிறேன் என்று போனான். இன்னும் எடுக்கவில்லை. பழைய பத்தில் மூன்று கொப்பி மெஷின் லாச்சிக்குள் இருக்கிறது.